மெடிக்கல் லீவில் இருப்பவரிடம் யார் பேசுகிறார்கள்?

உடம்பு முடியாமல் வேலைக்குப் போகாத ஒருவரைப் பற்றி நாம் வழக்கமாகக் கேட்பது இரண்டே கேள்விகள். சம்பளம் வருமா? எப்போது திரும்ப டூட்டியில் சேருவார்? முதல் கேள்வி வீட்டிலிருந்து வரும், இரண்டாவது கம்பெனியிலிருந்து வரும். இடையில் அந்த ஆள் பகல் பொழுதை எப்படித் தள்ளுகிறார், யாரிடம் வாய் திறந்து பேசுகிறார் என்று யாரும் கேட்பதில்லை. சொந்த ஊர்க்காரராக இருந்தால் கேட்கவும் தேவையில்லை. அம்மா, மனைவி, பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது பேசிக்கொண்டேதான் இருப்பார்கள், சில சமயம் ஆளை விட்டால் போதும் என்கிற அளவுக்கு. ஆனால் சென்னையின் தெற்கே பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை ரயில் பாதையின் இரு பக்கமும் வேலை பார்ப்பவர்களில் ஏராளமானோர் பீகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம் என்று எங்கிருந்தோ வந்தவர்கள். நாகல்கேணி தோல் பட்டறைகள், தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், ஓட்டல் சமையற்கட்டுகள், கட்டிட வேலை, குடோன் என எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். இவர்களுக்கு மனதளவில் மிக மோசமான காலம் நோய் விடுப்புதான் என்பது என் எண்ணம். அந்த நேரத்து உதவியைக் கம்பெனியிலோ சொந்த ஊரிலோ தேடுவதைவிட, வாரா வாரம் சர்டிபிகேட் வாங்கப் போகும், தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் டிஸ்பென்சரியில் வைப்பதுதான் சரி என்றும் நினைக்கிறேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

தாம்பரத்துக்கும் நோய் விடுப்புக்கும் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்தியவரான டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் இங்கே ஒன்றைத் தொடங்கினார். 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. ரயில் நிலையத்துக்கே சானடோரியம் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தக் காலத்தில் காசநோய் வந்தால் மாதக்கணக்கில் அங்கே கிடக்க வேண்டும். அதில் ஆயிரம் கஷ்டம் இருந்தாலும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் அதே இருமல், அதே பயம். பேச ஆள் இருந்தது. பிறகு 1956-இல் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் வந்தது. சானடோரியத்தில் படுத்திருப்பவர்களுக்கும் வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடுபவர்களுக்கும் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அங்கே நடந்த ஆய்வு காட்டியது. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. சென்னை பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்த ஆய்வில் வீட்டிலிருந்த நோயாளிகளை யாரும் சும்மா விட்டுவிடவில்லை. சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள், மாத்திரையை எண்ணினார்கள். அதைவிட முக்கியம், அந்த நோயாளிகளுக்கு இந்த ஊரில் ஒரு வீடும் குடும்பமும் இருந்தன. சென்னையில் பாடம் படித்த உலகம் ‘வீட்டில் இருந்தால் போதும்’ என்பதை நன்றாகவே பிடித்துக்கொண்டது. வீடு என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதைத்தான் மறந்துவிட்டது.

வெளிமாநிலத் தொழிலாளியின் சீட்டில் ‘ஒரு வாரம் ஓய்வு’ என்று எழுதும்போது அவர் எங்கே போய் ஓய்வெடுக்கிறார்? பம்மல், அனகாபுத்தூர், பெருங்களத்தூர்ப் பக்கத்துச் சந்துகளில் இப்படிப்பட்டவர்கள் தங்கும் அறைகளில் ஒரு பாய்க்கு இரண்டு ஷிப்ட் ஆள் இருப்பது சாதாரணம். பகல் ஷிப்ட்காரர் கிளம்பியதும் நைட் ஷிப்ட் முடித்தவர் வந்து படுப்பார். மெடிக்கல் லீவில் இருப்பவருக்கு இந்தக் கணக்கில் இடமே கிடையாது. ராத்திரி தனக்குச் சேர்ந்த பாய் பகலில் இன்னொருவருடையது. தூங்குபவர்களுக்குத் தொந்தரவு என்று லைட் போட முடியாது, போனில் சத்தமாகப் பேச முடியாது, இருமலைக்கூட அடக்க வேண்டும். வெளியே வந்து மளிகைக் கடைத் திண்ணையிலோ ஸ்டேஷன் படிக்கட்டிலோ உட்கார்ந்திருப்பார். அறை வாடகை, அரிசி, கேஸ் எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பதால் அவருடைய பங்கு நிற்காது. ஊருக்குப் போன் போட்டால் “நல்லா இருக்கேன், ஓவர்டைம் இல்லை, அதனால் இந்த மாசம் பணம் கொஞ்சம் கம்மி” என்பார். உண்மையைச் சொன்னால் அங்கே அழுவார்கள், கிளம்பி வா என்பார்கள். ஆக, அறையிலும் பேச முடியாது, ஊரிலும் பேச முடியாது. வேலை இருந்த நாட்களில் அவருடைய நட்பு, கேலி, பேச்சு எல்லாம் மெஷின் பக்கத்திலும் டீ பிரேக்கிலும்தான் இருந்தன. லீவில் முதலில் போவது அதுதான், சம்பளம் அதற்குப் பிறகு.

இனி சட்டம் என்ன தருகிறது என்று பார்ப்போம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார்கள். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருந்தால், நோய் விடுப்பில் சராசரி நாள் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். தினம் 500 ரூபாய் வாங்கியவருக்கு 350 ரூபாய். முதல் இரண்டு நாள் கணக்கில் வராது. காசநோய், தீவிர மனநோய் உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு, இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்தவர் என்றால், 80 சதவீதமாக, 91 நாளைத் தாண்டியும் நீட்டித்துத் தருவார்கள். குறைசொல்லக் கூடிய திட்டமல்ல. 1948-இல் இப்படி ஒன்றை யோசித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். நோய்ப் பயன் வாங்கும் காலத்தில் ஆளை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொல்லியும் வைத்தது. என் கவனம் போவது நடைமுறையில் உள்ள ஒரு சின்ன விஷயத்தின் மேல். சாதாரண நோய்க்கு டாக்டர் ஒரேயடியாக மூன்று மாதத்துக்கு எழுதித்தர மாட்டார். ஏழு நாளுக்கு ஒருமுறை நேரில் போய் அடுத்த சர்டிபிகேட் வாங்க வேண்டும், கடைசியில் ஃபிட்னஸ் வாங்க வேண்டும். 91 நாள் என்றால் 13 முறை. தமிழ்நாட்டில் டிஸ்பென்சரியை நடத்துவது மாநில அரசு, பணத்தை வங்கிக் கணக்கில் போடுவது இ.எஸ்.ஐ. கழகத்தின் கிளை அலுவலகம். டிஸ்பென்சரி உடம்பைப் பார்க்கிறது, கிளை அலுவலகம் காகிதத்தைப் பார்க்கிறது. வரிசையில் நின்று, பெயரைக் கூப்பிட்டதும் உள்ளே போய், முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று இ.எஸ்.ஐ. வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும். அதில் தமிழே வராத ஒருவர் எவ்வளவு பேசிவிட முடியும்?

இதே 70 சதவீதம் என்ற எண் நெதர்லாந்திலும் இருக்கிறது. அங்கே நோயில் படுத்தவருக்கு இரண்டு ஆண்டு வரை குறைந்தது 70 சதவீதச் சம்பளத்தை முதலாளியே தர வேண்டும். 2002-இல் வந்த ஒரு சட்டம் இதோடு இன்னொரு கடமையையும் சேர்த்தது. ஆறாவது வாரத்துக்குள் தொழில்சார் மருத்துவர், இந்த ஆளை வேலைக்குத் திரும்ப விடாமல் தடுப்பது எது என்று எழுத வேண்டும். எட்டாவது வாரத்துக்குள் தொழிலாளியும் முதலாளியும் உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். அதன் பிறகும் குறிப்பிட்ட இடைவெளியில் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஊரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் உட்பட வெளிநாட்டவருக்கும் இதே விதிதான். இதை அப்படியே இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. காசு கொடுப்பவரே அங்கே முதலாளி என்பதால், சீக்கிரம் வேலைக்கு வா என்ற நெருக்கடி அந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. ‘என்ன தடுக்கிறது?’ என்று யாரோ ஒருவர் கேட்டே ஆக வேண்டிய ஒரு தேதியை அந்தச் சட்டம் வைத்திருக்கிறது. நம்மிடம் அப்படிக் கேட்கக் கூடிய தேதிகள் வாரத்துக்கு ஒன்று இருக்கின்றன. கேள்விதான் இல்லை.

கை விரல் நசுங்கியவருக்கும் மஞ்சள் காமாலைக்காரருக்கும் மனநல உதவி எதற்கு என்று கேட்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2021-ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். அந்த ஆண்டு நாட்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,64,033 பேர். அதில் தினக்கூலிகள் 42,004 பேர், நாலில் ஒருவருக்கும் மேல். காரணங்களில் குடும்பப் பிரச்சினை முதலிடம், நோய் இரண்டாமிடம், 18.6 சதவீதம். இந்தக் காரணங்கள் போலீஸ் எழுதுபவை. ஒரு சாவுக்கு ஒரே காரணம் என்று எழுதும் வழக்கத்தில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆனால் தினக்கூலி, நோய் இரண்டும் பட்டியலில் இவ்வளவு மேலே இருக்கும்போது இரண்டும் சேர்ந்து நிற்கும் இடத்தைக் கண்டுகொள்ளாமல் போவது சரியில்லை. தவிர, நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்களின் பங்கு, சிக்கலைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம். சொந்த மொழி பேசும் ஊரில் இருப்பவர்களையும் சேர்த்த கணக்கு இது. இன்னொரு பக்கம், பிரிட்டனில் 2006-இல் வாடெல், பர்ட்டன் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னது: பொதுவாக வேலை உடம்புக்கும் மனதுக்கும் நல்லது, நீண்ட காலம் வேலையில்லாமல் இருப்பது கெடுதல். விரல் ஆறுவதற்குள் மனம் சோர்ந்துவிட்டால், விரல் ஆறிய பிறகும் அவர் மெஷின் முன் நிற்க மாட்டார். பயம் என்று சொல்ல வெட்கப்பட்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்.

பேச ஆள் இல்லாத இடத்தில் வதந்தி பேசும். 2021 டிசம்பரில் ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 150-க்கும் மேற்பட்டோர் சிகிச்சைக்குப் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போன தோழிகள் என்ன ஆனார்கள் என்று ஒழுங்கான தகவல் இல்லாததால், சிலர் இறந்துவிட்டார்கள் என்ற பேச்சு பரவி, பெங்களூர் நெடுஞ்சாலையே மறியலில் நின்றது. யாரும் இறக்கவில்லை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் சுற்றியபோது பலர் பயந்து ஊருக்குக் கிளம்பினார்கள். பீகார் அதிகாரிகள் குழுவே இங்கே வந்து பார்க்க வேண்டியதாயிற்று. வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர் சக தொழிலாளியையும் சூப்பர்வைசரையும் பார்த்து இது பொய் என்று ஓரளவு தெரிந்துகொள்வார். லீவில் அறைக்குள் கிடப்பவருக்குக் கையிலிருக்கும் போன்தான் உலகம்.

இது கம்பெனி செய்ய வேண்டிய வேலை என்பார்கள் சிலர். பழைய மகாபலிபுரம் சாலையில், சோழிங்கநல்லூரிலிருந்து சிறுசேரி வரை, பெரிய ஐ.டி. கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கவுன்சலிங் சேவை வைத்திருப்பது உண்மை. அதைப் பயன்படுத்தத் தயங்குபவர்கள் சொல்லும் காரணமும் ஒன்றுதான், ஹெச்.ஆருக்குத் தெரிந்துவிடுமோ என்பது. மனநல விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தருகிறது. ஆனால் படித்த ஊழியருக்கே அந்த நம்பிக்கை வராதபோது, கான்ட்ராக்டர் வழியாக வந்த ஹெல்பருக்கு எப்படி வரும்? அவருக்குக் கம்பெனி என்பதே மேஸ்திரிதான், மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணம் பாக்கி இருக்கும். 2024 ஜனவரியில் மாநில அரசு ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ என்று பணியிடத்துக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் பணியிடத்துக்குப் போனால் பணிக்கு வந்தவரைத்தான் பார்க்க முடியும். நான் பேசிக்கொண்டிருப்பவர் அன்றைக்கு வரவில்லை.

அவரை ஊருக்கு அனுப்பிவிட்டால் போதாதா, குடும்பத்தைவிடப் பெரிய மருந்து உண்டா என்பது இதைவிட வலுவான கேள்வி. உண்மையிலேயே சிலருக்கு அதுதான் சரி, அவர்களைத் தடுக்கக் கூடாது. தாம்பரத்திலிருந்தே அசாமின் சில்காட் வரைக்கும் ரயில் போகிறது. ஆனால் இரண்டு நாளுக்கு மேல் உட்கார்ந்து போக உடம்பு வேண்டும், டிக்கெட்டுக்குக் காசு வேண்டும். போன இடத்தில் இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரி பக்கத்தில் இருக்குமா என்பது மாவட்டத்தைப் பொறுத்தது. இல்லாவிட்டால் சர்டிபிகேட் அறுந்துபோகும், கூடவே 350 ரூபாயும். இங்கே அறையில் பாயை வேறொருவர் எடுத்துக்கொள்வார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடன் வாங்கி அனுப்பிய மகன் நோயோடு வெறுங்கையாகத் திரும்புவதைக் குடும்பம் எப்போதும் மருந்தாக எடுத்துக்கொள்ளும் என்று நாமாக நினைத்துக்கொள்வது சினிமாப் பார்வை. 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம், மரணமோ பலத்த காயமோ நேர்ந்தால் இரு மாநில அதிகாரிகளுக்கும் உறவினருக்கும் ஒப்பந்தக்காரர் தெரிவிக்க வேண்டும் என்றது. குடும்பத்துக்குத் தெரிய வேண்டும் என்று சட்டத்துக்கே தோன்றியிருக்கிறது, ஆனால் அவ்வளவு தூரம் ஆன பிறகுதான். சாதாரண டைபாய்டுக்கு ஊருக்கு எப்படிச் சொல்வது என்று ஒருவரோடு உட்கார்ந்து யோசிக்கவும் ஆள் வேண்டும்.

மெடிக்கல் போட்டு ஏமாற்றுகிறவர்களுக்கு இது இன்னும் வசதியாகிவிடும் என்ற பேச்சுக்கு நான் அதிகம் மதிப்புக் கொடுக்க மாட்டேன். முதல் இரண்டு நாள் பணம் கிடையாது, அதன் பிறகும் 30 சதவீதம் போகிறது, ஓவர்டைம் போகிறது. சம்பாதிக்க என்றே இவ்வளவு தூரம் வந்தவர் இந்தக் கணக்கில் ஏமாற்றி என்ன சேர்க்கப் போகிறார்? நம் ஆட்களுக்கே இல்லாத வசதி அவர்களுக்கு எதற்கு என்ற பேச்சு வேறு வகை, அதில் பாதி நியாயம் உண்டு. மறைமலை நகர்ப் பக்கம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் தென்காசிப் பெண்ணும் காய்ச்சலில் தனியாகத்தான் கிடக்கிறார். அதனால்தான் வெளிமாநிலத்தவருக்கென்று தனி மையம் கேட்காமல், எல்லோரும் வந்து நிற்கும் வரிசையிலேயே இதைச் சேர்க்கச் சொல்கிறேன். மொழி மட்டும்தான் மாறும்.

ஆட்களுக்கு எங்கே போவது என்பதுதான் நிஜமான சிக்கல். மனநல டாக்டர்கள் ஒவ்வொரு டிஸ்பென்சரியிலும் உட்காரப் போவதில்லை, தேவையும் இல்லை. வேண்டியது ஒரு நாற்காலி, ஒரு போன், சில நேரடிக் கேள்விகள். ராத்திரி தூக்கம் வருகிறதா? சாப்பாடு யார் தருகிறார்கள்? ஊரில் சொல்லிவிட்டீர்களா? கடன் கேட்டு யாராவது நெருக்குகிறார்களா? வேலை போய்விடும் என்று பயமா? உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றியதா? கடைசிக் கேள்வியைக் கேட்டால் அந்த எண்ணமே வந்துவிடும் என்று பலர் பயப்படுவார்கள். தற்கொலைத் தடுப்பில் வேலை செய்பவர்கள் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்கிறார்கள், கேட்பது பாரத்தை இறக்குகிறது. இதைக் கேட்கப் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் போதும். தாம்பரத்திலேயே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சமூகப் பணி படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் களப்பணி எப்படியும் உண்டு. மொழிக்கு 14416 இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ், இருபது மொழிகளில் பேசும் இலவச மனநலத் தொலைபேசி சேவை. அந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருப்பதற்கும், டிஸ்பென்சரியில் இருப்பவரே டயல் செய்து, இந்தியிலோ வங்காளத்திலோ குரல் கேட்டதும் போனைக் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நிற்பதற்கும் நிறைய தூரம். கூடுதல் சிகிச்சை வேண்டியவரைக் கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பலாம். வெறும் சீட்டை நீட்டினால் போக மாட்டார், எந்த நாள், எந்த அறை என்று எழுதி அனுப்ப வேண்டும்.

இ.எஸ்.ஐ.யே இல்லாதவர்களுக்கு இது எட்டாது என்பதை மறைக்கவில்லை. 2014 ஜூனில் மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த எத்தனை குடும்பங்கள் இந்த நகரின் கட்டிட வேலையில் இருந்தன என்று பலருக்கு முதன்முறையாகத் தெரிந்தது. அப்படிப்பட்டவர்களில் பலர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்களுக்கு மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையம்தான் வழி, அது தனியாக எழுத வேண்டிய கதை. பதிவேட்டில் இருப்பவர்களிடம் தொடங்குவது எளிது என்பதால் அங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன். தாம்பரம், பல்லாவரம் வட்டார டிஸ்பென்சரிகளில் ஆறு மாதம் செய்து பார்க்கலாம். எத்தனை பேர் கவுன்சலிங் பெற்றார்கள் என்ற எண்ணை வைத்து மட்டும் இதை அளக்கக் கூடாது, அது அறிக்கையில் அழகாக ஏறிக்கொண்டே போகும். முதல் சர்டிபிகேட் வாங்கிவிட்டு, ஃபிட்னஸும் வாங்காமல், அடுத்த வாரம் வராமலே போனவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு டிஸ்பென்சரியிலிருந்து ஒரு போனாவது போனது என்று பார்க்க வேண்டும்.